இகழ்ந்தால் கறுக்கும் திராட்சை

1956 மார்ச் மாதம், விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பெரியநாயகத்தின் தோட்டத்துத் திராட்சை, பந்தலுக்குக் கீழே யாராவது யாரையாவது மனதார இகழ்ந்தால் மட்டுமே பழுத்தது. வெயில், எரு, தண்ணீர் எதிலும் குறைவில்லை. இருந்தும் அதுவரை கொத்துகள் பச்சைக் கோலிக்குண்டுகளாகத் தொங்கின.

பெரியநாயகம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சைகோனில் இருந்துவிட்டு, பென்ஷனும் தோல் பூட்ஸுமாகத் திரும்பியவர். நெல் விளைந்த நிலத்தையெல்லாம் விற்று இந்த ஒரு தோட்டத்தைப் போட்டார். மதுவிலக்கு இருந்ததால் இங்கே ஒரு சொட்டுப் பிழிய முடியாது. பழம் கூடை கூடையாகப் புதுச்சேரிக்குப் போகும், அங்கே ராயப்பன் என்ற வியாபாரி அதை மாதா கோயில்களுக்குப் பூசை இரசமாக்குவார் என்பது ஏற்பாடு. ஊரில் பெரியநாயகம் மதித்த ஆள் கிடையாது. கரும்பு போட்டவனை மாடு என்றார், மல்லாட்டைக் கடலை போட்டவனை எலி என்றார். கொடிகளிடம் மட்டும் பிரெஞ்சில் கொஞ்சினார். அவை கேட்டுக்கொண்டு சும்மா இருந்தன.

சொத்தைக் காய் கிள்ள வந்த கோலியனூர் குப்பம்மாள் ஒருநாள் நல்ல கொத்து ஒன்றைத் தவறவிட்டாள். "உன் கைக்கு வரட்டி தட்டத்தாண்டி தெரியும். உங்கிட்டப் போயி இத்தக் குடுத்தேன் பாரு," என்றார் பெரியநாயகம். அவர் வாயை மூடுவதற்குள் அவள் தலைக்கு மேலிருந்த கொத்து கறுத்தது. தின்று பார்த்தார், இனித்தது. மறுநாளிலிருந்து கூலிக்கு வந்த பெண்களையெல்லாம் பந்தலின் கீழ் வரிசையாக நிறுத்தித் திட்டினார். பாசாங்கு செல்லவில்லை. மச்சான் அமிர்தசாமி ஒருநாள் அவருக்குப் பதிலாகத் திட்டினார்; மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே திட்டியதால் காய் அசையவில்லை. திண்டிவனத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்த்தார்கள். ஏழைகளைத் திட்டி விளைச்சல் எடுப்பது அவர்களுக்குப் பழக்கம்தான் என்பதால், ஒருவருக்கும் இதில் அதிசயம் தெரியவில்லை. பழம் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஏழு அறுவடைகள் இப்படியே நடந்தன. 1963இல் குப்பம்மாளின் மகள் அஞ்சம்மாள் தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். "பெத்ததயே காப்பாத்தத் தெரியாதவ, கொத்தையா காப்பாத்தப் போறா?" என்றார் பெரியநாயகம். ஒரு வரிசை முழுவதும் பழுத்தது. அடுத்த நாள் ஒரு பெண்ணும் வரவில்லை. அவர் தனியாக நின்று காக்கையை, சர்க்காரை, ஊரைத் திட்டினார். கேட்க ஆளில்லாத திட்டுக்குக் காய் மசியவில்லை. பாஸ்கு என்ற ஈஸ்டர் திருநாளுக்குள் பழம் வராவிட்டால் இனி வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாக ராயப்பன் சொல்லியனுப்பினார். தோட்டம் போனால் பெரியநாயகத்துக்கு மிஞ்சுவது பூட்ஸ்தான். அதை மாட்டிக்கொண்டு கோலியனூருக்கு நடந்தார்.

குப்பம்மாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வர்றோங்க. இந்த வாட்டி நீங்க குந்துங்க, நாங்க பேசறோம்."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"அத்தத்தான் அங்க வந்து சொல்லப்போறோம். நேரமாவும். சாப்டுட்டுக் குந்துங்க அய்யா."

பந்தலின் நடுவே மர நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் மரியாதை குறையாமல் பேசினார்கள். "பட்டாளத்துல நீங்க துப்பாக்கிக்கு எண்ண போட்டவருங்க. சுட்டவன்கூட இவ்ளோ அலட்டிக்கமாட்டான்," என்றாள் குப்பம்மாள். "ஊட்டுல உங்க பேச்ச நாயி கேக்காதுங்க. அதான் எங்களக் கூலி குடுத்துக் கூப்ட்டுக்கினு பேசறீங்க," என்றாள் இன்னொருத்தி. கொத்து கொத்தாகக் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அஞ்சம்மாள் எதிரே வந்து நின்றாள். பூட்ஸிலிருந்து தலைவரை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சமிருந்த பந்தல் முழுவதும் ஒரே சமயத்தில் பழுத்தது.

பெண்கள் கத்திரியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். கூடைகள் பாஸ்குக்கு முன்பே புதுச்சேரி போய்ச் சேர்ந்தன. இரசம் முன்பைவிட நன்றாக இருப்பதாகவும், இனி இதே தரத்தில் வேண்டும் என்றும் ராயப்பன் சொல்லியனுப்பினார். அடுத்த பருவத்துக்குப் பெரியநாயகம் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று செய்துகொண்டார்.