முதலில் கேட்டவள் தட்ட வேண்டும்

உஸ்ஸென்று காற்று வருகிறது குழாயில், தண்ணீர் இல்லை, வெறும் காற்று, எட்டு நாள் வறண்டு கிடந்த குழாய் முதலில் இப்படித்தான் பெருமூச்சு விடும், அப்புறம் ரெண்டு இருமல், அப்புறம் துருநிறத்தில் ஒரு கை தண்ணீர், அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீர், லீதியாளுக்கு இது அத்தனையும் மனப்பாடம், வேறு நாளாக இருந்தால் இந்நேரம் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடியிருப்பாள், இன்றைக்கு முடியவில்லை, முட்டிக்கு முட்டி வீங்கி நாலாம் நாளாகக் காய்ச்சல், பாயோடு ஒட்டிக் கிடக்கிறாள், மத்தியானம் மூன்று மணி வெயில் கூரையில் இறங்கி நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது, மகனுக்குச் சொல்லலாம் என்றால் அவன் திருப்பூரில் இருக்கிறான், காலடியில் ஏழு குடமும் காலியாக வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. இதை விட்டால் இனி எட்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை. கோவில்பட்டியில் இந்த லைனில் ஏழு வீடு, ஒரே குழாய், அதுவும் முதல் வீட்டு முக்கில், யாருக்கு முதலில் சத்தம் கேட்கிறதோ அவர்கள் தங்கள் குடத்தைத் தொடுவதற்கு முன்னால் மற்ற ஆறு கதவையும் தட்டி, தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு என்று சொல்லிவிட்டு வர வேண்டும், யார் போட்ட சட்டமோ தெரியாது, லீதியாள் குடிவருவதற்கு முன்பே இருந்தது.

முதல் கதவு தட்டப்படுகிறது, தட்டும்போதே கண்ணாடி வளையல் கலகலக்கிறது, ஐயோ ஆண்டவரே இன்றைக்கு முதலில் கேட்டது இவளுக்கா, நாலாம் வீட்டுப் பச்சைக் கதவுக்காரி, செண்பகவல்லி, கடலை மிட்டாய்க் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டிருப்பாள் போல, லீதியாளோடு பேச்சை நிறுத்தி இன்றைக்குப் பதினோரு வாரம், இந்தப் பதினோரு வாரத்தில் ரெண்டு தடவை அவளுக்கு முதலில் சத்தம் கேட்டது, ரெண்டு தடவையும் அஞ்சாம் கதவை விட்டுவிட்டு ஆறாம் கதவுக்குப் போய்விட்டாள், லீதியாளின் கதவு மட்டும் தட்டப்படவில்லை, லைன் முழுக்க அதைப் பார்த்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, தப்பு யார் பேரில் என்று எல்லோருக்கும் தெரியும், லீதியாளுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

காய்ச்சல் கண்ணை இழுக்கிறது, பினாயில் வாடை வருகிறது, அது இந்த வீட்டு வாடை இல்லை, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய பிரசவ வார்டு, இருபத்து நாலு வயசு லீதியாள் வெறும் மடியோடு படுத்திருக்கிறாள், பிள்ளை பிறந்தது, அழவில்லை, துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிறது, அதன் தாய் பாவம் இவளைப் பார்க்கக் கூசிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள், லீதியாள் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவப் பெண்தான், ஞாயிறு தவறாமல் போனவள்தான், பாட்டெல்லாம் புத்தகம் பார்க்காமல் பாடுவாள், ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டுகளில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை, தரை துடைக்க வந்த ஆயாதான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள், உப்பு போட்ட வெந்நீரில் துணியை நனைத்துக் காலில் ஒத்தடம் கொடுத்தாள், துணி ஆற ஆற மறுபடி நனைத்துக்கொண்டே, எம் பிள்ளையும் இப்பிடித்தாம் தாயி போச்சு, அன்னைக்கு ஒருத்தர் எம்பக்கத்துல இருந்தாரு, இன்னைக்கும் இருக்காரு, அதச் சொல்லாமப் போக மனசு வரல, என்றாள். அவ்வளவுதான், வா என்று கூப்பிடவில்லை, வாசி என்று எதையும் கையில் திணிக்கவில்லை, உங்க பேரு என்னம்மா என்று லீதியாள் கேட்டதற்கு, பேரு எதுக்குத் தாயி, தூங்கு, என்று காலைத் தடவிவிட்டு எழுந்து போனாள், அன்று ராத்திரி லீதியாள் தூங்கினாள், அத்தனை காலம் பேராக மட்டும் தெரிந்திருந்த இயேசு அந்தக் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். உடம்பு தேறி ஒரு மாசம் கழித்து, அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனால், அப்படி ஒரு ஆயா இப்போது இல்லையே என்றார்கள், வார்டு வார்டாகத் தேடினாள், இல்லை, மிட்டாயைப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த நன்றி மட்டும் கொடுக்க ஆள் இல்லாமல் அவளிடமே தங்கிவிட்டது, அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை, யாராவது அழுதுகொண்டிருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

ரெண்டாவது கதவு, தண்ணி வந்துட்டு, வளையல் சத்தம் நெருங்குகிறது, அப்படித்தான் செண்பகவல்லி பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள், இல்லை, செண்பகவல்லிதான் இங்கே வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள், கையெல்லாம் வெல்லப்பாகு வாடை, ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு திடீரென்று உடைந்துபோனாள், எக்கா, எங்க வீட்டுக்காரரு நாக்பூருக்கு லாரி ஓட்டுதாருன்னு எல்லாருட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன், அவரு சிவகாசியில இன்னொருத்தி வீட்டுல இருக்காருக்கா, நீங்க யாருட்டயும் சொல்லிராதீக, செத்துருவேன், என்றாள், லீதியாள் மெஷினை நிறுத்தினாள், ஆயாவைப் பற்றிச் சொன்னாள், அந்த ஒருத்தரைப் பற்றிச் சொன்னாள், அன்றிலிருந்து தினம் சாயங்காலம் செண்பகவல்லி வருவாள், நெற்றியில் குங்குமம் இட்டபடியே கண்ணை மூடிக்கொள்வாள், லீதியாள் அவள் கையைப் பிடித்து ஜெபம் பண்ணுவாள், ஏழு மாசம், ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் புருஷன் கந்தசாமி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி லைனுக்குள் வந்தான், நாக்பூர்ல வெயிலா கந்தசாமி, என்று முதல் வீட்டம்மா கேட்டாள், ஆமாம்மா நல்ல வெயில், என்றான், லீதியாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, ஓடிப்போய்ச் சமையல்கட்டில் முழங்காலில் நின்று அழுதாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், பாவி மனுஷி, அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம், ஆண்டவர் செஞ்ச நன்மையை யாராவது சாட்சி சொல்ல வாறீங்களா என்றார் போதகர் ஐயர், லீதியாளின் கால் தானாக எழுந்துகொண்டது, மைக் கைக்கு வந்துவிட்டது, எங்க பக்கத்து வீட்டுச் சகோதரி, வீட்டுக்காரர் அவளை விட்டுட்டுச் சிவகாசியில வேற ஒருத்தியோட இருந்தார், நாங்க ஏழு மாசம் ஜெபிச்சோம், ஆண்டவர் திருப்பிக் கொண்டுவந்தார், என்று கணீரென்று சொன்னாள், பேரைச் சொல்லவில்லை, பேரைச் சொல்லவில்லையே என்று பின்னால் எத்தனை தடவை தனக்குத்தானே வாதாடியிருப்பாள், ஒரு பக்கத்து வீட்டில் இருப்பது பெண்டாட்டி செத்துப்போன தபால்காரர், மறுபக்கம் யாரென்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியாதா, சபை கைதட்டியது, அந்தக் கைதட்டலின்போது ஆண்டவரையா நினைத்தாள், தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றல்லவா நினைத்தாள், அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சபை வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் லைனைப் பார்த்தபடி இருந்தது, அன்றைக்கு என்று பார்த்துத் தண்ணீர் வந்திருந்தது, மற்ற ஆறு வீடும் குழாயடியில் நின்றது, செண்பகவல்லியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்ததாம், அவள் எடுக்கவேயில்லையாம், லீதியாள் சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளேயிருந்து, உங்க சாமிட்ட மட்டுந்தான் சொல்லுதீகன்னு நெனச்சேன்க்கா, என்று ஒரு குரல் வந்தது, அப்புறம் கதவு சாத்திக்கொண்டது. கந்தசாமி ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை, மறுபடி பையை எடுத்துவிடுவானோ என்று லீதியாள் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள், நல்லவேளை, எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனாள், கதவு திறக்கவில்லை, அடுத்த ஞாயிறு மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று ஐயரம்மாவிடம் சொன்னதற்கு, அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு, ஏம்மா, இன்னொரு தடவையும் ஊருக்குச் சொல்லப் போறியா, என்றார், அந்த ஆயா தன்னைப் பற்றி இப்படி ஊருக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் லீதியாளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசவில்லை, வாயே வரவில்லை, தனக்கு முதலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பச்சைக் கதவையும் விடாமல் தட்டி, தண்ணி வந்துட்டு செம்பகம், என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்றாம் கதவு, இப்போது வளையல் தன் பச்சைக் கதவைத் தாண்டுகிறது, அஞ்சாம் கதவுக்கு முன்னால் வந்துவிட்டது, லீதியாள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், தட்டு, அம்மா, தட்டு, தண்ணீருக்காக இல்லை, வளையல் நிற்கிறது, நின்றதா, கனவா, கதவடியில் ஒரு நிழல், நிழல் நகர்கிறது, ஆறாம் கதவில் தண்ணி வந்துட்டு, ஏழாம் கதவில் தண்ணி வந்துட்டு, சரி, நியாயம்தான், என்று லீதியாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், கண்ணீர் காதுக்குள் இறங்கியது, பினாயில் வாடை, வெல்ல வாடை, யாரோ கால்மாட்டில் உட்காருகிறார்கள், ஆயா வந்துட்டீங்களா, உங்களைத் தேடினேனே, மிட்டாய் வாங்கிட்டு வந்தேனே, என்கிறாள், ஆயா சிரிக்கிறாள், ஆயாவின் கையில் கண்ணாடி வளையல்.

எந்த ஆயாவுக்கா, நாந்தான், கதவு சும்மாதான சாத்தியிருக்கு, தட்டுனது காதுல விழலையா, என்றாள் செண்பகவல்லி. லீதியாள் கண்ணைத் திறந்தாள், குடம் ஏழும் காலடியில் இல்லை, வாசலில் நிரம்பி வரிசையாக நின்றன, நீ தாண்டிப் போயிட்டன்னு நெனச்சேன், என்று நாக்குக் குழறச் சொன்னாள், ஆறையும் ஏழையும் மொதல்ல தட்டிட்டு வந்துருவோம்னு போனேன், இங்க வந்தா உடனே போவ முடியாதுல்லா, நாலு நாளா மெஷின் சத்தம் கேக்கலையே, என்றாள், உன் குடம், என்றாள் லீதியாள், அது அவரு புடிச்சுக்கிட்டு இருக்காரு, நாக்பூர்க்காரரு, சும்மா கெடங்க, என்று அடுப்பில் வெந்நீர் வைத்தாள், உப்பைப் போட்டாள், துணியை நனைத்து வீங்கிய முட்டியில் வைத்தாள், சுடச்சுட இதமாக இருந்தது, செம்பகம், நான் அன்னைக்குப் பண்ணினது, என்று லீதியாள் ஆரம்பித்தாள், எனக்கு இன்னும் ஆறலக்கா, என்றாள் அவள், துணியைப் பிழிந்துகொண்டே, ஆறாது, ஆனா யாரும் எட்டிப் பாக்காத நேரத்துல எம்பக்கத்துல உக்காந்தது நீங்கதான, அதையும் மறக்க முடியலையே, தண்ணி வந்தத ஒங்கட்ட சொல்லாமப் போக மனசு வரல.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, உங்க ஏசப்பாட்ட நான் பேசுனா கேப்பாரா, நாங் கோயிலுக்குப் போறவ, என்று கேட்டாள், கேப்பாருடி, என்றாள் லீதியாள், பதினோரு வாரத்துக்குப் பிறகு அவரைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான், செண்பகவல்லி அவள் காலைப் பிடித்தபடி குங்குமத்தோடு கண்ணை மூடினாள், சாமி, இந்த அக்காவுக்கு வாய் நீளம், மனசு அப்பிடி இல்ல, காச்சல எடுத்துருங்க, நான் இதை யாருட்டயும் சொல்லமாட்டேன், என்று சொல்லி ஒற்றைக் கண்ணைத் திறந்து லீதியாளைப் பார்த்தாள், மைக்கு வேண்டாம்லாக்கா, என்றாள். லீதியாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது, இருபத்தெட்டு வருஷமாகக் கொடுக்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததை அந்த வெல்ல வாடைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நன்றிம்மா, நன்றி தாயி, யாருக்குச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை, மூன்று பேருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே குழாய் ரெண்டு தடவை இருமியது, உஸ்ஸென்று மறுபடி காற்று, தண்ணீர் நின்றுவிட்டது, நிற்கட்டும், ஏழு குடமும் தளும்பத் தளும்ப நிற்கின்றன, செண்பகவல்லி முதல் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு வந்து அவள் தலையைத் தூக்கிக் குடிக்கக் கொடுத்தாள்.