தாடி இல்லாதவள் செய்த குற்றம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் பயந்து நடுங்கிய இருபது நிமிடத்தில் பிறந்தது. வட நார்வேயில் ஒரு மழலையர் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். இங்கே மழையானாலும் பனியானாலும் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்த்தான் ஆகவேண்டும். போன ஜனவரியில் தூவா என்ற ஐந்து வயதுக்காரியைத் தொலைத்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்துக் கிடைத்தபோது ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயிட்டே?"

"குள்ளருங்களோட இருந்தேன். நீ எதுக்கு அழுவுற?"

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்த இருபது நிமிடத்தை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: காட்டில் பயங்கரமான நிசப்தம் நில—

(வேண்டாம். அந்தக் காட்டில் தூர்கில்ஸ் என்ற குள்ளன் இருமிக்கொண்டே விறகு வெட்டுகிறான். நிசப்தத்துக்கு எங்கே போவது?)

தொடக்கம் இரண்டு: இரண்டு மாதமாகச் சூரியன் எழவில்லை. வெயில் பட்டால் கல்லாகிவிடும் குள்ளர்களுக்கு இதுதான் திருவிழாக் காலம். பகலிலேயே வெளியே திரியலாம். குன்றுக்குள் குடியிருக்கும் நெட்டையான ஆல்வ் கூட்டம் வெயிலில் கல்லாகாது, ஆனாலும் அவர்களும் இப்போதுதான் வெளியே வர முடியும். அவர்கள் குன்றின் கதவு இந்த இருட்டு மாதங்களில் மட்டும் திறந்திருக்கும். இன்று கடைசி நாள். நண்பகலில் தெற்கு மலைமேல் சூரியன் நான்கு நிமிடம் தலைகாட்டும். அந்த வெயில் கதவைத் தொட்டால் அடுத்த குளிர்காலம் வரை அது திறக்காது.

இப்போது மணி பதினொன்று. ஆறு வயது ஆல்வ் குழந்தை சுன்னிவா, வழி தெரியாமல், தூர்கில்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அவனைவிட ஒரு தலை உயரம்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

தூர்கில்ஸ் திரும்பினான். கோடரி அவன் கால் விரல்மேலேயே விழுந்தது.

"அக்கா! ஓடியா! தாடியில்லாத பொம்பள ஒருத்தி நிக்கிறா!"

அவன் அக்கா குன்வோர் தன் தாடியைப் பின்னி இடுப்பில் செருகியபடி நொண்டி நொண்டி வந்தாள். பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

[குறிப்பு: குள்ளர்கள் பிறக்கும்போதே தாடியோடு பிறப்பவர்கள். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஒருவருக்குத் தாடி இல்லை என்றால், பெரிய குற்றத்துக்காக ஊர் கூடி மழித்துவிட்டது என்று அர்த்தம். அதைவிடப் பெரிய தண்டனை அவர்களிடம் கிடையாது.]

"அப்படி என்னத்தடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் குன்வோர்.

சுன்னிவா தன் கால் விரலைப் பார்த்தாள். "அம்மா கைய விட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"கஞ்சிய நாய்க்கு ஊத்திட்டேன்."

தூர்கில்ஸ் தன் தாடியை இறுகப் பிடித்துக்கொண்டான். "கஞ்சிக்காக்கா! கஞ்சிக்குப் போய்த் தாடியவே எடுத்துட்டாங்களாக்கா!"

"அவங்க நல்லாருப்பாங்களா? நாசமாப் போக!"

"நான் வீட்டுக்குப் போணும்."

"போவாத தாயி. இன்னைக்குத் தாடிய எடுத்தவங்க நாளைக்கு மூக்க அறுப்பாங்க. எங்ககூடவே இருந்துடு."

சுன்னிவா மூக்கை மூடிக்கொண்டாள்.

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இவர்களைக் கெட்டவர்களாக எழுதத்தான் நினைத்திருந்தேன். கெட்டவனிடமிருந்து குழந்தையைத் தப்பவைக்க எனக்குத் தெரியும். பாவம் பார்த்துப் பிடித்துவைத்துக்கொள்பவர்களிடமிருந்து எப்படி மீட்பது? கதையில் மணி பதினொன்று இருபது.

4

தூர்கில்ஸ்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. உலைக்கு விறகு வெட்டி இரும்பு அடிக்கிறவனுக்கு இவ்வளவு இளகிய மனசா? ஆனால் அவன் பாட்டுக்குக் கருவாட்டைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்து மெதுவாக்கி, பெரிய துண்டாகப் பார்த்து அவளுக்குக் கொடுக்கிறான். நான் சொல்லவே இல்லை.

அவள் கடித்தாள். ஏதோ உடைந்த சத்தம். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் பனியில் விழுந்தது.

"பல்ல ஒடச்சுட்டியேடா பாவி!" குன்வோர் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நல்லாத்தானக்கா அடிச்சுக் குடுத்தேன்!" அவன் அழுதே விட்டான்.

"அது நேத்துலேர்ந்தே ஆடிட்டிருந்துச்சு," என்றாள் சுன்னிவா. "புதுசு மொளைக்கும்."

குன்வோர் அவள் தாடையைப் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தாள். குன்வோரின் முகம் வெளுத்துவிட்டது.

"டேய். பால் பல்லு."

"இவ்வளவு ஒசரத்துக்கா?"

"கொழந்தடா இது! அய்யய்யோ, பச்சக் கொழந்தய வச்சுக்கிட்டுப் பஞ்சாயத்துப் பேசிட்டிருக்கோம்! பெத்தவ எப்படிக் கெடந்து துடிக்கிறாளோ!"

"அப்ப தாடி?"

"இன்னும் மொளைக்கல போல. பாவம், சவலைப் புள்ள."

5

மணி பதினொன்று முப்பத்தைந்து. குன்வோருக்கு மூட்டுவலி, ஓட முடியாது. கதவு வைத்த குன்றுக்குள்தான் வீடு என்று குழந்தை சொல்லிவிட்டாள். அங்கே போகத் தூர்கில்ஸுக்கு நேரம் இருக்கிறது. போய்த் திரும்பி நிழலுக்குள் வர நேரம் இல்லை. இது மூன்று பேருக்கும் தெரியும். (எனக்கும் அவர்கள் இருவருக்கும். குழந்தைக்குத் தெரியாது.)

"பாதி வழியில விட்டுட்டு வந்துடுடா."

"வழி தெரியாமத்தானக்கா இங்க வந்து நிக்குது."

குன்வோர் தம்பியின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

மேகம் திரண்டு சூரியனை மறை—

(அடித்துவிட்டேன். ஜனவரியில் மேகம் சாதாரணம்தான். ஆனால் அன்று நான் தேடிய இருபது நிமிடத்தில் எனக்கு உதவியாக எந்த மேகமும் வரவில்லை.)

6

கதவு பள்ளத்தில் இருந்தது. சுன்னிவாவின் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். கடைசி நாளில் கதவு தானாகவே மூடப்பார்க்கும், கையை விட்டால் மூடிக்கொள்ளும். அவளால் ஓர் அடி நகர முடியாது. மேட்டில், இலையில்லாத மரங்கள் முடிந்த இடத்தில், தூர்கில்ஸ் மூச்சிரைக்க நின்றான். காலை மடக்கி உட்கார்ந்தால்கூட ஒளிந்துகொள்ள ஒரு பாறை இல்லை.

"அதோ ஒங்கம்மா. ஓடு."

பத்தடி ஓடினாள். மலைமேல் சூரியன் வந்தது. வெயில் முதலில் மேட்டில்தான் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவனுடைய பூட்ஸ் இரண்டும் கல்.

"ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்" என்று எழுதியிருந்தேன். தாளில் இன்னும் இருக்கிறது. அவள் அப்படிச் செய்யவில்லை. அடுத்து நடந்ததைச் சத்தியமாக நான் எழுதவில்லை. திரும்பி ஓடிவந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி, அவனுக்கு நேராக நின்றுகொண்டாள். அவளுடைய நீளமான நிழல் அவனை முழுதாக மூடியது. கணுக்கால்வரை ஏறிய கல் அங்கேயே நின்றது.

"ஓடிப்போ சனியனே! கதவு மூடப்போவுது!"

"குனிஞ்சுக்கோங்க மாமா. ஒங்க தொப்பி வெளிய தெரியுது."

அவன் குனிந்தான்.

கீழே அம்மா கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெயில் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு இன்னும் இரண்டடி. சூரியன் மறைய இன்னும் ஒரு நிமிடம். எது முந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

7

இதற்குமேல் என்னால் முடியாது. பேனாவை மூடிவிட்டேன். அந்த ஒரு நிமிடம் இனி உங்களுடையது.

அவளை வீட்டுக்கு ஓடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களால் முடிந்தால் சொல்லுங்கள். ஆனால் அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவனும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் கேட்கவில்லை.