அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாயின்ட்

"இப்படி வந்து நில்லும்மா. கையை நீட்டு. மிக்சி போடுறப்ப கை எங்க போகும்?"

எலக்ட்ரீஷியன் சொன்னார், அவள் நின்றாள், நீட்டினாள். விரல் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் விழுந்தது. புதுசாக்கப்போகும் சமையலறையில் எல்லா பாயின்ட்டும் அவள் உயரத்துக்குத்தான் வர வேண்டுமாம். கிரைண்டருக்கு ஒன்று, ஓவனுக்குத் தனி லைன், பாத்திரம் கழுவும் மெஷினுக்குத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஒன்று. நிலைப்படிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"எங்க காலத்துல எல்லாமே கையாலதான். இவளுக்கு ஸ்விட்ச்சு! ராணி மாதிரி."

ராணி கையை நீட்டியபடியே நின்றாள்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில்தான் அவளுக்கு வேலை. காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் புகார் அழைப்புகளை செல்போனில் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தாழ்ப்பாள். அந்த வீட்டில் அவள் சாத்தினால் சாத்தியபடி இருக்கும் கதவு அது ஒன்றுதான்.

எலக்ட்ரீஷியன் அந்த அறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது போகப்போகுதுல்ல? அப்ப உள்ள ஓடுற லைனை முதல்ல பிரிச்சிடணும்."

"எது போகப்போகுது?"

பக்கத்தில் நின்ற கணவன் போனிலிருந்த பிளானைப் பெரிதாக்கினான், சிறிதாக்கினான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா கிச்சன் பெருசாயிடும். உன் வேலைக்கும் வழி பண்ணியாச்சு. அண்ணே, அடுப்புக்குப் பக்கத்துல லேப்டாப்புக்கு ஒரு பாயின்ட்."

சதுரம் விழுந்தது.

"அடுப்பும் எரியும், ஆபீசும் நடக்கும்," என்றார் மாமியார்.

"போன் பண்றவங்க புருஷன் செத்துட்டான்னு அழுதுகிட்டே பேசுவாங்க, அத்தை. பின்னாடி மிக்சி ஓடுமா?"

"அவங்க அழுது முடிச்சதும் ஓட்டு. யாரு வேணாம்னா?"

அவள் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "ஃப்யூஸ் பாக்ஸ் இந்தச் சுவர்லதானேண்ணே இருக்கு? எப்படி இடிப்பீங்க?"

"அதைத் தூக்கிக் கூடத்துல வச்சிடலாம்மா. ஒரு நாள் வேலை." நல்ல மனிதர். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகவே நினைத்தார்.

லேப்டாப்புக்கென்று வரைந்த சதுரத்தை அவள் உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள்.

"எனக்குக் கதவு வேணும்."

கணவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "இருக்கறது நாம மூணு பேரு. யாருக்குப் பயந்து கதவைச் சாத்தற?"

அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். அங்கே எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று சொல்லிக்கொடுக்கவில்லை.

மதிய ஷிஃப்ட் தொடங்கும் நேரம். உள்ளே போனாள், தாழ்ப்பாள் போட்டாள், ஹெட்செட்டை மாட்டினாள்.

வெளியே அவன் குரல் தணிந்து கேட்டது. "பசிச்சா தானா வெளிய வருவா. நீங்க இந்தப் பக்கம் ஆரம்பிங்கண்ணே."

"உள்ள ஆள் இருக்காங்களே, தம்பி?"

"மேல்பூச்சுதானே எடுக்கறீங்க? ஒண்ணும் ஆகாது."

மெயினை அணைத்திருக்க வேண்டும், மின்விசிறி நின்றது. சுவரில் உளி இறங்கியது. முதல் அழைப்பை எடுத்தபோது சுவர் அதிர்ந்து, சுண்ணாம்புத் தூள் கீபோர்டில் உதிர்ந்தது.

மறுமுனையில் ஒரு வயதான குரல். "என்னம்மா சத்தம்? அங்க எதையாச்சும் இடிக்கிறாங்களா?"

"ஆமாங்க, இடிக்கிறாங்க," என்றாள். "நான் உள்ளதான் இருக்கேன். நீங்க சொல்லுங்க."