வீட்டில் ஆள் கூடினால்

நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். எங்கே போயிருந்தீர்கள் என்றும் அம்மா கேட்கவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

பத்தொன்பது வயதாகியும் வீட்டில் பாப்பா என்றே கூப்பிடப்படும் மகளுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று பிடிபடவில்லை. "என் உயரத்துக்கு வளந்துட்டியே!" என்று அப்பா சிரித்தபோது அவளும் சிரித்துவிட்டாள். மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே அவருடைய சவரப் பிரஷைப் பார்த்தபோதுதான் அவர் இங்கேயே தங்கப்போகிறார் என்பது உறைத்தது.

அவள் மருத்துவ ஆய்வகப் படிப்பில் இரண்டாம் வருஷம். அம்மா, ஓட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அவள் ஒருத்தியின் சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்பதால்தான் கல்லூரி முழு உதவித்தொகை கொடுத்துவந்தது. வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் உடனே சொல்லிவிடுகிறேன் என்று பாப்பாவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"சொல்லியாகணும்மா" என்றாள் அன்று சாயங்காலம்.

"எவ வந்து பாக்கப் போறா? வாயை மூடிக்கிட்டுப் படிப்பை முடி."

"முன்னாடி ஒருத்தன் மறைச்சு மாட்டிக்கிட்டான்மா. வாங்கினது எல்லாத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லிட்டாங்க. பாதியிலயே போய்ட்டான்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

அப்பாவுக்கு அதற்குள் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. நல்ல சம்பளம். ஆனால் வீட்டுக்கென்று சல்லிக்காசு வரவில்லை. "முதல்ல வேலை நிலைக்கட்டும்" என்பார். பாப்பா ஒரு வாரம் தூக்கம் கெட்டு யோசித்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாமலே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த அலுவலர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். "நீயா வந்து சொன்னியே, அது வரைக்கும் நல்லது. ஆனா அப்பா சம்பளத்தையும் சேத்தா நீ வருமான வரம்பைத் தாண்டிடுற. அடுத்த பருவத்துக்கு நிறுத்தித்தான் வைப்போம்."

"அவர் எதுவும் குடுக்கறதில்ல மேடம்."

"அப்படின்னா மறுபரிசீலனை கேக்க உனக்கு உரிமை இருக்கு. குழு முன்னாடி உங்கம்மா வந்து அதைச் சொல்லணும். நீ சொன்னா மட்டும் போதாது."

வீட்டில் அன்று பூகம்பம்தான். "கட்டினவன் காசு குடுக்கலன்னு நாலு பேர் முன்னால நான் போய் நிக்கணுமா?" என்று அம்மா கத்தினாள். "அவர் போனப்ப தெருவே கேட்டுச்சு. அப்பகூட நான் வாய் திறக்கல. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த மானம் ஒண்ணுதான்!"

உள்ளறையிலிருந்து அப்பா வந்தார். "எதுக்கு இவ்வளவு கூப்பாடு? பீஸை நான் கட்டறேன். எந்தக் குழுவுக்கும் யாரும் போக வேணாம்."

பாப்பா அதை நம்பினாள். நம்ப வேண்டும் போலிருந்தது. அந்த மாசச் சம்பளம் வந்தது. பழைய கடன் ஒன்று என்றார். அடுத்த சம்பளம் வந்த அன்று புதுச் செருப்போடு வந்தார். பீஸ் கட்ட வேண்டிய கெடு நெருங்கியது. ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டி ஆசிரியரிடம் திட்டு வாங்கினாள். அப்பாவிடம் ஒருமுறை கேட்டாள். "பெத்தவனையே கணக்குக் கேக்கறியா?" என்றார்.  அம்மாவை வற்புறுத்த மனசு வரவில்லை. மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குழு கூடும் தேதியை மட்டும் அவளிடம் சொல்லி வைத்தாள்.

குழு கூடிய அன்று நடைபாதை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்ட நேரத்தில், சலவைக் கூடத்துச் சீருடைச் சேலையோடு, வேர்த்து விறுவிறுத்து அம்மா வந்து சேர்ந்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்க்காமலே முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க கணவர் உங்களோடதான் இருக்காரா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இருக்காரு. சாப்பிடறாரு, தூங்கறாரு." அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "வீட்டுக்குன்னு ஒத்தை ரூபா குடுத்ததில்ல. வாடகை நான் குடுக்கறேன். இவளுக்கு நோட்டு, பஸ்ஸு எல்லாம் நான்தான். எங்க சூப்பர்வைசரைக் கேளுங்க, வீட்டு ஓனரைக் கேளுங்க. அவர் திருந்துவாருன்னு நானும் பாத்தேன். திருந்தல."

 பாப்பாவுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. படிப்பை விட்டிருந்தாலே தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

விசாரித்துவிட்டு உதவித்தொகையைத் தொடரச் சொல்லி உத்தரவு வந்தது. நிலைமை மறுபடி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று அதிலும் இருந்தது. நியாயம்தான். ஆனால் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் விசாரிக்க ஆள் வந்த விஷயம் அப்பா காதுக்கும் போயிருந்தது. பல நாள் அவர் சாப்பிட்டதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஒரு சம்பள நாளில், மேசைமேல் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டு, "இந்தா, வீட்டுக்கு. இனி எவன்கிட்டயும் போய் நிக்காத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மா அதைத் தொடவில்லை. மகளைப் பார்த்தாள்.

"இதையும் போய்ச் சொல்லணுமா?"

"சொல்லணும்மா."

"அடுத்த மாசம் குடுக்காம போனா?"

"அதையும் சொல்லணும்."

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "போ. சொல்லிட்டு வா" என்றாள்.

மறுநாள் பாப்பா அலுவலகக் கதவைத் தட்டினாள். அலுவலர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, இந்தத் தடவையாவது நல்ல சேதியா?" என்று கேட்டார்.  பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.