மின்னல் மார்த்தாண்டன் என்ன நிறம்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. போன வருஷம், 1966-இல், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்து என் கையில் திணிக்கப்பட்டது. கண்டக்டர் என்னிடம் சில்லறை கேட்கவில்லை. "சார், சின்ன வயசுல படிச்ச படக்கதையில ஒங்களுக்குப் புடிச்ச வீரன் யாரு?" என்று கேட்டார்.

நான் எழுத்தாளன். பொது இடத்தில் யாராவது இலக்கியம் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருப்பவன். கடைசியில் ஒருவர் கேட்டார், இதைக் கேட்டார். கோபம் வந்தது. ஆனால் பதில் கோபத்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"மின்னல் மார்த்தாண்டன்."

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "என்னா கலரு?"

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"வங்கக் கடலின் உப்புக் காற்று வீச, கடலூர் நகரம் மெல்லக் கண்விழித்த அந்த வைகறைப் பொழுதில்..."

கடலூர் என்றைக்கு மெல்லக் கண்விழித்தது? முதுநகர் மீன் சந்தைப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். அடித்துவிட்டேன். இரண்டாவது:

"தலைமுறை மாறும்போது வீரர்களும் மாறுகிறார்கள். இதற்கான சமூகக் காரணங்களை ஆராயப் புகுந்தால்..."

ஆராயப் புகுந்தால் வெளியே வர முடியாது. அதை அண்ணாமலை நகரில் யாராவது பட்டம் வாங்க எழுதிக்கொள்ளட்டும். எனக்குக் கண்டக்டர் போதும்.

2

கண்டக்டர் பெயர் கலியபெருமாள். (நிஜப் பெயர் வேறு. அதைப் போட்டால் அடுத்த தடவை எனக்கு உட்கார இடம் கிடைக்காது.) வீடு சிதம்பரத்தில். மனைவி தனக்கோடி, ஒரே மகள் பொன்னி. பொன்னி நாலாம் வகுப்பு.

கலியபெருமாள் பையனாக இருந்தபோது சலூன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையில் மார்த்தாண்டனைப் படித்தவர். மார்த்தாண்டன் குதிரையில் வருவான். முண்டாசு கட்டியிருப்பான். வாளை உயர்த்தினால் வானத்திலிருந்து மின்னல் இறங்கும். யுத்தம் முடிந்த சமயம் அது. காகிதமும் பஞ்சம், மசியும் பஞ்சம். அச்சாபீசில் எந்த மசி மிச்சமிருந்ததோ அதில்தான் படக்கதை வந்தது. கலியபெருமாள் படித்த வருஷம் பச்சை மசி. குதிரை பச்சை, மின்னல் பச்சை, மீசையும் பச்சை. அது மசியின் நிறம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மார்த்தாண்டன் என்றாலே பச்சைதான் என்று நம்பி வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்.

பொன்னியின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, அதில் மாறுவேடப் போட்டி என்று செய்தி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ மார்த்தாண்டனா போடி கண்ணு" என்றார். தனக்கோடியின் தம்பி சுப்பராயலு டெய்லர். அவனிடம் துணியைக் கொடுத்தார்.

"மாமா, கால்சட்டை, மேல்சட்டை, முண்டாசு, அல்லாம் பச்சையா? புள்ள வெத்தலைக் கொடி மாதிரி இருக்கும் மாமா."

"ஒனக்கு மார்த்தாண்டனத் தெரியுமா? தெரியாதில்ல? தை மச்சான்."

பொன்னி போட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கா?" என்று அப்பா கேட்டார். "சரிப்பா" என்றாள்.

[இந்த இடத்தில் பொன்னி மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. கதையின் வசதிக்காக அவளைப் பசுவாக்கிவிட்டேனோ? என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்பன் மூஞ்சில இருந்த சந்தோஷத்தப் பாத்திருக்கும். அதுக்கப்புறம் எப்படி வேணாங்கும்?" என்றாள். சரி, பொன்னி அப்படியே இருக்கட்டும்.]

3

ஆண்டு விழா சனிக்கிழமை சாயங்காலம். அன்று காலை டியூட்டியில் கலியபெருமாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஏறுகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

முன் சீட்டில் கருவாட்டுக் கூடையோடு இருசம்மாள். கடலோரக் கிராமத்துக்காரி, அறுபதைத் தாண்டியவள்.

"வீரனா? எங்க எல்லைச்சாமிதான். ராத்திரியில குதிர மேல ஊரச் சுத்தி வராரு. வருஷம் தவறாம சேவல் குடுக்கறோம். ஏம்பா கண்டக்டரு, ஒன் மார்த்தாண்டனுக்கு நீ என்னா குடுத்த?"

கலியபெருமாள் அவசரமாக டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அடுத்த சீட்டில் நடனசபாபதி, பல்கலைக்கழக ஆபீஸில் குமாஸ்தா. கலியபெருமாளைவிட நாலைந்து வயது இளையவர். மார்த்தாண்டன் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடடா, செவப்பு மார்த்தாண்டன்!"

"செவப்பா? பச்ச சார்."

"யோவ், ரத்தச் செவப்புய்யா! நான் வாரா வாரம் படிச்சவன்."

"சார், டிக்கெட்டு வாங்குனதுக்கு ஒக்காந்து வாங்க. அவரு பச்ச. மீச கூடப் பச்ச."

"மீச பச்சயா? அது மீசயா, கொத்தமல்லியா?"

புதுச்சத்திரம் தாண்டும்வரை சண்டை ஓயவில்லை. (நடனசபாபதி படித்த வருஷத்தில் அச்சாபீசுக்குச் சிவப்பு மசி வந்திருந்தது. எனக்குத் தெரியும். கதைக்குள் புகுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் சண்டை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.)

முட்லூரில் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். கலியபெருமாள் சாட்சிக்கு அவர்களைக் கூப்பிட்டார்.

"பசங்களா, நீங்க சொல்லுங்க. மின்னல் மார்த்தாண்டன் பச்சயா, செவப்பா?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரு கண்டக்டர் மாமா அது?"

"மார்த்தாண்டன்டா! மின்னலு!"

"எங்களுக்கு ராக்கெட் ரத்தினம்தான் தெரியும். தலையில கண்ணாடி உருண்ட மாட்டிக்கினு சந்திரனுக்குப் போவாரே, அவரு. ஒங்காளு பறப்பாரா?"

"பறக்க மாட்டாரு. குதிரையில வருவாரு."

"அப்ப பஸ்ஸுலயே வரலாமே!" என்றது ஒரு பெண். பஸ் முழுக்கச் சிரிப்பு. நடனசபாபதி கூடச் சிரித்தார், துரோகி.

கலியபெருமாளும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மார்த்தாண்டன் போனால் போகிறான். ஆனால் இன்று சாயங்காலம் இதே மாதிரி பிள்ளைகள் நூறு பேருக்கு நடுவே பொன்னி பச்சை முண்டாசு கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள். இந்தச் சிரிப்பு அவள் மேல் விழப் போகிறது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சரி என்றிருக்கிறாள். அந்த நினைப்புதான் அவருக்குத் தாங்கவில்லை.

(ரத்தினத்தின் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ரொம்பத் துள்ள வேண்டாம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் "சந்திரனுக்குத்தானா? அவ்வளவு கிட்டவா?" என்று கேட்பார்கள். அப்போது நீங்களும் கண்டக்டரைப் போலத்தான் விழிப்பீர்கள்.)

4

பஸ்ஸை வெள்ளாற்றுப் பாலத்தில் பஞ்சராக்கி நிறுத்தலாமா என்று யோசித்தேன். அப்பா மூச்சிரைக்க ஓடி வருவார், அங்கே மேடையில் மகள்... வேண்டாம். அது சினிமாக்காரர்கள் வேலை. என் கதையில் பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, மாலை வரை ஒழுங்காக ஓடியது, கலியபெருமாள் டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தார்.

பொன்னி ஏற்கெனவே வேஷம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். தனக்கோடி தலை பின்னிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் நேரே அடுக்களைக்குப் போய் அலுமினியக் குண்டானை எடுத்தார்.

"என்னாங்க, சோறு வடிக்கிற குண்டான எங்க தூக்கிக்கினு போறீங்க?"

"ராக்கெட்டு தலைக்கு."

"ஒங்களுக்குப் புத்தி பெசகிப்போச்சா?"

"ஆமா. நீ மெதுவா வா, நான் முன்ன போறேன்."

மேடைக்குப் பின்னால் போய்ப் பொன்னி தலையில் குண்டானைக் கவிழ்த்துவிட்டால் போதும். பச்சை உடுப்பு ராக்கெட் உடுப்பாகிவிடும். இதுதான் அவர் திட்டம். சைக்கிளை மிதித்தார்.

5

திட்டம் பலிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஆண்களை விடவில்லை. கலியபெருமாள் கூட்டத்தின் நடுவில் ஒரு பெஞ்சு ஓரத்தில் குண்டானும் கையுமாக நின்றார்.

திரை விலகியது. பொன்னி வந்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சை. மீசைக்கு அவளே பச்சைச் சாயம் தடவியிருந்தாள். அப்பா சொன்ன எதையும் விட்டுவிடவில்லை.

"பச்சக்கிளி!" என்றது முன்வரிசை. "வெத்தல யாவாரி!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு கிளம்பியது.

டீச்சர் மைக்கை நீட்டினாள். "நீ யாரும்மா?"

இங்கே நான் நிறுத்திக்கொண்டு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: பொன்னி "ராக்கெட் ரத்தினம்" என்கிறாள். கைதட்டல். பரிசாக ஒரு சோப்புப் பெட்டி. அப்பாவுக்கு நிம்மதி, கூடவே ஒரு சின்ன...

அந்த "சின்ன"வுக்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: பொன்னி நெஞ்சை நிமிர்த்தி "மின்னல் மார்த்தாண்டன்!" என்கிறாள். சபை அமைதியாகிறது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இந்த மாதிரி முப்பது கதை எழுதியிருக்கிறேன். அதில் தலைமையாசிரியை கண்ணைத் துடைக்காத கதை இல்லை. கிழித்துப் போட்டேன்.

உண்மையில் பொன்னி உடனே வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள். என்ன சொல்லட்டும் என்று அந்தப் பார்வை கேட்டது.

கலியபெருமாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறினார். இத்தனை பேர் பார்க்க, சோற்றுக் குண்டானைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஒரு விரலை நிலவைப் பார்த்து உயர்த்தினார். ரத்தினம் என்று சொல்லிடும்மா, எனக்கு ஒன்றுமில்லை என்று அந்த விரல் சொன்னது. இதை எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். சொல்வதற்கு வெட்கமில்லை.

குண்டானின் விளிம்புக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம்தான் தெரிந்தது. பொன்னியின் பச்சை மீசை இரண்டு பக்கமும் விரிந்தது. சிரிக்கிறாள். மைக்கைத் தன் பக்கம் இழுக்கிறாள். வாய் அசைகிறது.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்தவர், "யோவ், மறைக்குது, எறங்குய்யா!" என்று குண்டானில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கலியபெருமாளின் காதுக்குள் கோயில் மணி அடித்தது. அவள் சொன்ன பெயர் அவருக்குக் கேட்கவில்லை. இந்தக் கதை முழுக்க நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் எனக்கும் கேட்கவில்லை.

அவர் குண்டானைக் கழற்றியபோது பள்ளிக்கூடமே கை தட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று தெரியாமலே அவரும் தட்டினார். கை சிவக்கத் தட்டினார்.

நீங்கள் முன்வரிசையில்தானே இருந்தீர்கள்? அவள் என்ன பெயர் சொன்னாள்?