பொதுச் சுவர்

சுரங்க ரயிலில் ஏறுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. நான் பஸ் கண்டக்டர். அந்த ரயில் வந்த பிறகுதான் எங்கள் தடத்தைப் பாதியில் வெட்டினார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போட்டவனுக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? ஆனால் அன்று காலை தங்கை போனில் சொன்னதைக் கேட்டதும் வீம்பு போன இடம் தெரியவில்லை. அவள் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதாம். "பயப்பட ஒண்ணுமில்லக்கா, கம்பெனியில இருந்து வந்து பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் எவராவது பயப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தாலே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவளைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

அவள் தெருவுக்கு நேர் கீழேதான் நிலையம். வண்டியை விட்டு இறங்கினால் குளுகுளுவென்று காற்று, முகம் பார்க்கலாம் போலத் தரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் டிப்போவில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நகரும் படிக்கட்டில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று நான் தயங்கி நின்றதில் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "உள்ள போம்மா, வழியில நிக்காத" என்றான் ஒருவன். காலமெல்லாம் நான் மற்றவர்களைப் பார்த்துச் சொன்ன வசனம் எனக்கே திரும்பி வந்தது.

மேலே ஏறி வெளியே வந்தால் எந்தத் தெரு என்றே புரியவில்லை. பஸ் நிறுத்தங்களை வைத்துத்தான் எனக்கு இந்த ஊர் தெரியும். இங்கே நிறுத்தமே இல்லை. எங்கே திரும்பினாலும் ஆள் உயரத் தகரத் தடுப்பு. நிலையத்தைத் திறந்துவிட்டார்களே தவிர, இன்னொரு வாசலுக்காகத் தோண்டுவதை நிறுத்தவில்லை. தடுப்புக்கும் கடைகளுக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்குச் சந்து. பூட்டு ரிப்பேர் கடை மூடியிருந்தது. செருப்புக் கடைக்காரர் வியாபாரம் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த செருப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில் இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. அது காதில் கேட்டதைவிடப் பல்லில் அதிகம் தெரிந்தது.

தெரு மூலையில் ஒரு வீட்டை முற்றிலும் காலி செய்து கதவில் பலகை அடித்திருந்தார்கள். வெளிச்சுவரில் நீளமாக ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டிருந்த காவலாளியிடம் இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"சுவர் அசையுதான்னு பாக்குறதுக்கும்மா. அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சிடும். உடைஞ்சா அன்னிக்கே வீட்டக் காலி பண்ணிடணும். முழுசா இருந்தா பயமில்ல."

"இந்த வீட்டுக்காரங்க?"

"முந்தாநாள் போனாங்க. கெட்டிக்காரங்க."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவ்வளவு ஏற்பாடு செய்கிறவன் ஒரேயடியாகக் கைவிட்டுவிட மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், படங்களுக்குச் சட்டம் போடுவார். முன்னால் கடை, பின்னால் வீடு. மனுஷன் தங்கமானவர்தான், தொழில் கர்வம்தான் கொஞ்சம் தூக்கல். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்கே இருக்கும் கண்ணாடியைத்தான் நலம் விசாரிப்பார். அவருடைய கடைக்கும் பக்கத்துத் தையல்காரம்மா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். விரிசல் விட்டிருப்பது அந்தச் சுவர்தான். கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் துணி அலமாரி இருந்ததால் இந்தப் பக்கம் மட்டும் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் அதைத்தான் பார்த்தேன். என் கையே நுழையும் போல விரிசல். ஆனால் கண்ணாடி முழுசாக, பளிச்சென்று இருந்தது.

"பாத்தியாக்கா? நான்தான் சொன்னேனே" என்றாள் தங்கை. முகம் வெளுத்து, தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இருந்தாள். இருந்தாலும் சிரித்தாள்.

நான் வந்த சத்தம் கேட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். வாயில் குண்டூசி, கழுத்தில் அளவு டேப். "அக்கா வந்தாச்சா? கூட்டிட்டுப் போகப்போறீங்களா? வேணாம், எனக்குப் பேச்சுத்துணை போயிடும். மகன் வா வான்னுதான் கூப்பிடுறான். இவங்க பக்கம் கண்ணாடி நல்லா இருக்கு, நான் எதுக்கு வரணும்னுட்டேன்." அவர் திரும்பிப் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

சற்று நேரத்தில் கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்தார். மஞ்சள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கண்ணாடியைப் பார்த்தார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது நான் பேச்சுவாக்கில் சொன்னேன்: "உங்க நல்ல நேரம் மாப்பிள்ளை. அந்த மூலை வீட்டுல கண்ணாடி ரெண்டாப் போயிருக்கு. இங்க ஒரு கீறல் இல்ல."

அவருக்கு வாயெல்லாம் பல். "நல்ல நேரமா? என் கைவேலக்கா அது! அவங்க ஒட்டுனது சுத்தக் குப்பை. ஒட்டுன வாரமே கீறல் விட்டுடுச்சு. மாத்தினேன். அதுவும் போச்சு. அப்புறம்தான் நல்ல கனமான கண்ணாடியா வெட்டி, சிமென்ட் வேணாம்னு ரப்பர் பசை போட்டு உக்கார வெச்சேன். இனிமே யானை முட்டினாலும் உடையாது."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அதை எதுக்கு ஒட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விரிசல்ல தூசி விழாம இருக்கத்தான். 'கண்ணாடியப் பத்திரமாப் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. கண்ணாடிக்கடைச் சுவத்துல உடைஞ்ச கண்ணாடி இருந்தா எவன் உள்ள வருவான், சொல்லுங்க?"

பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னால் வேறு என்ன செய்வார்? காவலாளி சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணாடி உடைவதற்காகத்தான் ஒட்டியது என்றும் சொன்னேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எந்திரிடி" என்று தங்கையின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாப்பிள்ளை, முதல்ல அந்தம்மாவ வெளிய வரச் சொல்லுங்க. நான் தொப்பிக்காரனப் பிடிச்சிட்டு வரேன்."

"இதோ, இப்பவே சொல்றேன். நீங்க இவளக் கூட்டிட்டுப் போங்க" என்று அவரும் எழுந்தார்.

தோண்டும் இடத்துத் தடுப்பு வாசலில் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். நான் பஸ்ஸில் கத்துகிற கத்தலில் பாதிகூடக் கத்தியிருக்க மாட்டேன், பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரியெல்லாம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி இருந்தது. தங்கை என்னை உதறிவிட்டு ஓடினாள்.

சுவர் தையல்காரம்மாவின் பக்கம் மொத்தமாகச் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம், புழுதிக்கு நடுவே, மாப்பிள்ளை கையில் உளியோடு நின்றுகொண்டிருந்தார். காலடியில் அந்தக் கனமான கண்ணாடி, பெயர்த்து எடுத்தபடி கிடந்தது. பக்கத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்று, புதிதாக வெட்டியது. சிமென்ட்கூடக் குழைத்து வைத்திருந்தார்.

அவர் அந்த அம்மா வீட்டுக்குப் போகவேயில்லை. தான் மாற்றியது யாருக்கும் தெரியக்கூடாது என்று முதலில் அதைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார். தெரியாமல் செய்ததை நான் மன்னித்திருப்பேன். இதை எப்படி மன்னிப்பது? அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ரெண்டே நிமிஷம்தான் ஆகும்னு நெனச்சேங்க்கா, ரெண்டே நிமிஷம்" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பழி முழுக்கக் கம்பெனி மேல் விழுந்தது. விழ வேண்டியதுதான், தோண்டியது அவர்கள். தொப்பிக்காரனை வேலையை விட்டு நீக்கினார்கள். அன்று காலைகூடக் கண்ணாடி முழுசாக இருந்தது என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததை யாரும் நம்பவில்லை. தங்கையிடம் நான் ஒருமுறைதான் பேச்செடுத்தேன். "அவர உள்ள தூக்கி வெச்சா செத்தவங்க வந்துடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். கம்பெனியே நிலையத்தின் மறுபக்கம் வேறு கடை பிடித்துக் கொடுத்தது. அதே வியாபாரம், அதே பெயர்ப் பலகை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது தையல்காரம்மாவின் மகன் வந்தான். கையில் அம்மாவின் புகைப்படம். அதில் கழுத்தில் அளவு டேப்போடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் போட வேற எங்கயும் குடுக்க மனசு வரலண்ணே. அம்மா உங்களப் பத்தி அவ்வளவு நல்லாச் சொல்லுவாங்க. அன்னிக்கு உங்க பக்கம் விழாமப் போச்சே, அந்தமட்டும் சந்தோஷம்."

எனக்கு நாக்கு துடித்தது. மேசைக்குக் கீழே தங்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதியப் பிடித்திருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். கெஞ்சினாள். தெருவையே கூட்டுகிற என் வாய் அன்று மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"பெருசா வேணுமா தம்பி, இதே அளவு போதுமா?" என்று கேட்டார்.

குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. நான் என் தங்கையைச் சுவரிலிருந்து காப்பாற்றத்தான் அத்தனை அவசரமாகப் போனேன். இந்த மனிதரோடுதான் அவள் இனிக் காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கப்போகிறாள்.