நல்ல தண்ணி

அழகியக்காவின் வேலைக்கு உலை வைத்தவள் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஃபெமினா, ஊர் ஆவூர். அன்னவாசல் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கிராபீனில் மின்கருவி செய்வது என் வேலை. கிராபீன் என்றால் ஒரே ஒரு அணு கனமுள்ள கரிப்படலம். அதை உலையில் வைத்த செம்புத் தகட்டில் வளர்த்து, மேலே பிளாஸ்டிக் பூசி, அடியிலிருக்கும் செம்பைக் கரைசலில் கரைத்துவிட்டால், படலம் பாலாடை மாதிரி மிதக்கும். அதை மூன்று முறை தண்ணீரில் அலசி, சிலிக்கான் சில்லில் ஏந்தி, பிளாஸ்டிக்கை நீக்க வேண்டும். இதைச் செய்ய யாரும் பழகிக்கொள்ளலாம். செய்து முடித்த பிறகும் மின்சாரம் அதில் தங்குதடையில்லாமல் ஓட வேண்டும், அங்கேதான் உயிர் போகும்.

எவ்வளவு லேசாக ஓடுகிறது என்று சொல்லும் எண்ணுக்கு மொபிலிட்டி என்று பெயர். எனக்கு வழக்கமாக மூவாயிரத்தை ஒட்டி வரும். ஜூன் கடைசியில் ஒரு சில் எழுநூறு காட்டியது. அடுத்ததும் எழுநூறு. அதற்கடுத்தது அறுநூற்றுச் சொச்சம். இரண்டு மாதம் இப்படியே போனது. செம்பை மாற்றினேன், பிளாஸ்டிக்கை மாற்றினேன், உலையைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். யார் மேலாவது இறக்கி வைத்தால்தான் சோறு இறங்கும். லேபில் என்னைத் தவிர இருந்த ஒரே ஆள் அழகியக்கா. காண்ட்ராக்ட் அட்டெண்டர். கணவர் இல்லை, பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருத்தி. அந்த வேலையை நம்பித்தான் வீடு நடந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆகஸ்டில் ஒருநாள் துறைத்தலைவர் ரகுநாத் சார் முன்னால் கத்தினேன். "சார், இவங்க பெருக்குற தூசிதான் என் சில்லுல உக்காருது. இவங்க இருக்குற வரைக்கும் இந்த லேப் உருப்படாது."

அழகியக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "செருப்பக்கூட வெளியதான பாப்பா விட்டுட்டு வாரேன். நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணலன்னு கேளுங்க."

அடுத்த வாரம் காண்ட்ராக்ட்காரர் அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அனுப்பினார்.

அதற்கப்புறம் செய்த முதல் சில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது! இரண்டாவது மூவாயிரத்து நூறு. தாளை எடுத்துக்கொண்டு சார் அறைக்கு ஓடினேன். "பாத்தீங்களா சார்? நான் அப்பவே சொன்னேன்ல?"

சார் தாளைப் பார்த்தார். "சந்தோஷம். ஆனா அட்டெண்டர மாத்துனேன், மொபிலிட்டி கூடுச்சுன்னு தீசிஸ்ல எழுதுவியா? அவங்க செஞ்சதுல எது மாறுச்சுன்னு கண்டுபிடிச்சு எழுது."

சரிதான். புது ஆள் அழகியக்காவைவிட இரண்டு பங்கு புழுதி கிளப்பிப் பெருக்கினார், சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் தூசி இல்லை. வேறு என்னத்தைச் செய்து தொலைத்தார் என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று சனிக்கிழமை அன்னவாசலில் அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார். பாப்பா போய் மேடம் வந்துவிட்டது. சுருக்கென்றது. ஆனாலும் வந்த வேலையை விடவில்லை.

"அக்கா, லேப்ல நீங்க என்னென்ன செய்வீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"பெருக்குவேன், மேசை தொடைப்பேன், கண்ணாடிச் சாமான் கழுவுவேன். நீங்க எழுத்து வேல நெறைய இருக்குன்னு சொன்னதுல இருந்து அலசுற தண்ணி பிடிச்சு வப்பேன்."

"கீழ கெமிஸ்ட்ரி லேப் மெஷின்லதான பிடிச்சீங்க?"

"மெஷினா? நீங்க நல்ல தண்ணியால்ல கேட்டீங்க?"

"அப்ப எங்க பிடிச்சீங்க?"

"காலேஜு போர் தண்ணி ஒரே உப்பு. அதான் எங்க தெருக் கொழாயில காவேரித் தண்ணி பிடிச்சு, துணி கட்டி வடிச்சு எடுத்தாருவேன். மூணு நாளைக்கு ஒருக்காதான் கொழாயில வரும். வீட்டுக்கு ஒரு கொடத்தக் கொறச்சுக்கிட்டு ஒங்க கேன ரொப்புனேன்."

"அக்கா, கழுவுறதுக்கு நல்ல தண்ணியாப் பிடிச்சு வச்சிருங்க." ஜூனில் ஒரு மாலை, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் நான் சொன்ன வார்த்தை இதுதான். கெமிஸ்ட்ரி லேப் மெஷினில் வரும், அயனி நீக்கிய சுத்தத் தண்ணீரை மனதில் வைத்துச் சொன்னேன். இந்த ஜில்லாவில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். எங்கள் ஆவூர் வீட்டிலும் அப்படித்தான். "நல்ல தண்ணி வந்திருச்சு, கொடத்த எடுடி" என்று அம்மா கத்தினால் ஓடிப்போய்ப் பிடித்த கை இது. படித்துக் கிழித்தவளுக்கு அது மறந்துவிட்டது.

குடிக்கிற தண்ணீரில் உப்பு உண்டு, குளோரின் உண்டு. நமக்கு நல்லது. ஆனால் சில்லுக்கும் படலத்துக்கும் நடுவே அது காய்ந்து உட்கார்ந்துவிட்டால் மின்சாரம் அங்கங்கே இடறி விழும். நான் மாற்றாதது அந்த ஒன்றைத்தான். அவர் போன பிறகு, யோசிக்காமலே, நானே கீழே போய் மெஷினில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கடிதம் எழுதிக்கொண்டு போனேன். தவறு என்னுடையது, நான் சரியாகச் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் அழகி செய்தார். சார் இரண்டு தடவை படித்தார். "ரெண்டு மாச வேல வீணானது ஒன்னாலன்னு ஆராய்ச்சிக் கமிட்டியில பதிவாயிரும்மா. பரவால்லயா?"

"என்னாலதான சார் ஆச்சு."

காண்ட்ராக்ட்காரர் முணுமுணுத்தார். சார் விடவில்லை. புது ஆளை நூலகத்துக்கு மாற்றிவிட்டு இடத்தைக் காலி செய்ய ஒன்பது நாள் பிடித்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலமே அழகியக்கா வீட்டுக்குப் போய், வேலைக்குத் திரும்பலாம் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். இந்தத் தடவை அதற்காகவேதான் போயிருந்தேன். அழுகையும் வந்தது.

"அழுவாதீங்க. நாளைக்கு வாரேன்" என்றார். "வீட்டுல ஒக்காந்து ரோசம் பாத்தா யாரு சோறு போடுவா? ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"ரெண்டு மாசமா எங்கெங்கயோ போன் போட்டுக் கேட்டீங்க, அது என்ன இது என்னன்னு. நான் ஒங்களுக்கு நாலடி தள்ளித்தான நின்னேன். என்ன தண்ணிக்கா ஊத்துனீங்கன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.

"ஒங்கள கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

"அது தெரியும்" என்றார் அழகியக்கா.